அரணும் திறவுகோலும்

நுழையும்முன்

தோட்டத்து மோட்டாரையும் வீட்டு வாயிற்கதவையும் கடல் கடந்து இருந்தபடியே கைப்பேசியால் இயக்கும் காலம் இது. தொலைவிலிருந்து நமக்குத் திறக்கும் வாயில் பிறருக்கும் திறந்துவிடக் கூடாது. வீட்டிலேயே நிறுவிய கணினிக் கட்டமைப்பை வெளியூரிலிருந்து பாதுகாப்பாக அணுகும் முறையையும், அதற்கு அடிப்படையாக அமைய வேண்டிய பொறுப்புணர்வையும் கொங்கு மண்ணின் பின்னணியில் விளக்குகிறது இக்கட்டுரை.

கவலை முதல் கைப்பேசி வரை

கொங்கு நாட்டின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்தது. மழையை மட்டும் நம்பி வாழ இயலாத இம்மண்ணில் உழவர்கள் பாறையைக் குடைந்து கிணறு வெட்டினர். மாடுகளைக் கவலையில் பூட்டி நீர் இறைத்தனர். சரிவான பாதையில் மாடுகள் இறங்க, கிணற்றிலிருந்து நீர் நிறைந்த சால் மேலெழுந்து வாய்க்காலில் கவிழும். விடியற்காலையில் தொடங்கும் அவ்வுழைப்பில் மனிதரும் மாடுகளும் ஒருசேரக் களைத்தனர்.

1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. 1937ஆம் ஆண்டு ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்திய நாட்டிலேயே உருவான முதல் மின்மோட்டாரைக் கோயம்புத்தூரில் செய்து காட்டினர். பின்னர் அந்நகரம் நாடறிந்த பம்புத் தொழில் மையமாக வளர்ந்தது. கவலை ஓட்டிய கைகள் மின்விசையை இயக்கத் தொடங்கின.

மின்மோட்டார் வந்த பிறகும் ஒரு துன்பம் எஞ்சியிருந்தது. மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே கிடைத்தது. பல நாள்களில் அந்நேரம் நள்ளிரவாக அமைந்தது. உழவர்கள் டார்ச் விளக்குடன் வரப்பு வழியே மோட்டார் அறைக்குச் சென்றனர். பாம்புக்கும் ஈரத்தரையில் பாயும் மின்சாரத்திற்கும் அஞ்சியே அவர்கள் அவ்வழியில் நடந்தனர். இத்துன்பத்தைக் குறைத்தது கைப்பேசியால் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர். சிம் அட்டை பொருத்திய அக்கருவிக்கு ஓர் அழைப்போ குறுஞ்செய்தியோ சென்றால் மோட்டார் ஓடும். மற்றொன்று சென்றால் நிற்கும். தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை இத்தகைய கருவிகளை வாங்க மானியமும் வழங்கி வருகிறது. திறன்மிகு இல்லம் என்னும் சொல் ஊர்ப்புறங்களில் பரவும் முன்பே, தொலைவிலிருந்து இயக்கும் நுட்பம் கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டிற்குள் ஒரு வழங்கி

பெருந்துறைக்கு அருகே தோட்டத்துச் சாளையில் தாயும் தந்தையும் வாழ, மகள் சிங்கப்பூரில் பணிபுரியும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் காட்டும் உணரி, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை இயக்கும் கருவி, வாயிலைக் காட்டும் படக்கருவி, விளக்குகள், மின்கலன் ஆகியவை அவ்வீட்டில் உள்ளன. இவை அனைத்தையும் ஒருங்கிணைத்து இயக்க ஒரு மையம் தேவை. அம்மையத்தை இருவகையில் அமைக்கலாம்.

முதல்வகை மேகக் கணினிச் சேவை. கருவியை விற்கும் நிறுவனத்தின் கணினி எங்கோ ஓரிடத்தில் இருக்கும். வீட்டின் செய்திகள் அங்குச் சென்று, அங்கிருந்து நம் கைப்பேசிக்கு வரும். இதனை நிறுவுவது எளிது. ஆயினும் அந்நிறுவனம் சேவையை நிறுத்திவிட்டால் கருவி பயனற்றுப் போகலாம். வீட்டார் எப்போது விழிக்கின்றனர், எப்போது வெளியே செல்கின்றனர் என்னும் செய்திகளும் பிறர் கணினியில் தங்கும்.

இரண்டாம் வகை சொந்த வழங்கி. உள்ளங்கை அளவிலான ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியை வீட்டிலேயே வைத்து, அதில் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவுவது இம்முறை. 2013ஆம் ஆண்டு பாலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். இணையம் அறுந்தாலும் வீட்டிற்குள் கருவிகள் தொடர்ந்து இயங்கும். வீட்டின் செய்திகள் வீட்டிலேயே தங்கும்.

இவ்வுரிமையுடன் ஒரு கடமையும் வருகிறது. மேகக் கணினியைக் காப்பது அந்நிறுவனத்தின் வேலை. சொந்த வழங்கியைக் காப்பது நம் வேலை. வீட்டிற்குள் இருந்து மட்டும் அதனைப் பயன்படுத்தினால் இடர் குறைவு. சிங்கப்பூரிலிருக்கும் மகள் ஈரோட்டு வீட்டு வழங்கியை அணுக விரும்பும்போதுதான் உண்மையான வினா எழுகிறது: அவள் நுழைய வேண்டும், மற்றவர் நுழையக் கூடாது. எவ்வாறு?

திறந்த மடை

வீட்டிற்கும் இணையத்திற்கும் இடையே திசைவி என்னும் ரௌட்டர் நிற்கிறது. வெளியிலிருந்து அழைக்காமல் வரும் தொடர்பை அது பொதுவாக உள்ளே விடுவதில்லை. வீட்டு வழங்கியை வெளியிலிருந்து அணுகப் பலரும் முதலில் கைக்கொள்ளும் வழி, திசைவியில் ஒரு நுழைவாயிலைத் திறந்து விடுவது. அவ்வாயிலுக்கு வரும் தொடர்பு அனைத்தையும் வழங்கிக்கு அனுப்புமாறு திசைவிக்குக் கட்டளையிடுவர். வேலை உடனே முடிந்துவிடும். ஆனால், கட்டிய நீரைத் தன் வயலுக்கு மட்டும் பாய்ச்ச எண்ணி மடையைத் திறந்துவிட்டு, வரப்பைக் கட்டாமல் வீடு திரும்பிய உழவரின் நிலையே இது.

“எங்கள் சிற்றூர் வீட்டை யார் தேடி வருவார்?” என்னும் எண்ணம் இயல்பானது. ஊரில் ஒரு வீட்டைக் கண்டறியத் தெருத்தெருவாக நடக்க வேண்டும். இணையத்தில் அவ்வாறு இல்லை. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் உள்ள முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. 2013ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இசட்மேப் என்னும் கருவி, விரைவான இணைப்புடைய ஒரே கணினியைக் கொண்டு அம்முகவரிகள் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட வாயில் திறந்துள்ளதா என்று 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்க்க முடியும் எனக் காட்டியது. 2009ஆம் ஆண்டு தொடங்கிய ஷோடன் என்னும் தேடுபொறி, இணையத்தில் வெளிப்பட்டு நிற்கும் கருவிகளையே பட்டியலிடுகிறது. ஆகவே, தேடி வருபவர் நம் ஊரின் பெயரை அறிய வேண்டியதில்லை. திறந்திருக்கும் வாயில் எதுவோ, அதுவே அவருக்கு முகவரி.

இரண்டு பாடங்கள்

இவ்விடர் வெறும் கற்பனையன்று என்பதை இரண்டு உலக நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

முதலாவது நிகழ்வு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள மரூச்சி வட்டாரத்தில் நடந்தது. அங்குக் கழிவுநீரேற்று நிலையங்கள் வானொலி அலைவழியே தொலைவிலிருந்து இயக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவை காரணமின்றித் தடுமாறின. பம்புகள் ஓட வேண்டிய நேரத்தில் நின்றன. எச்சரிக்கை மணிகள் ஒலிக்கவில்லை. ஏறத்தாழ 8 இலட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பரவியது. நீர்வாழ் உயிர்கள் மடிந்தன. கட்டமைப்பை நிறுவிய நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஒருவரே அதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெரியவந்தது. வட்டார நிருவாகத்தில் வேலை கேட்டுக் கிடைக்காத அவர், மடிக்கணினியும் வானொலிக் கருவியும் கொண்டு, கட்டமைப்புக்குப் பலமுறை போலிக் கட்டளைகளை அனுப்பினார். நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதை அக்கட்டமைப்பு உரியவாறு சோதிக்கவில்லை. பணியிலிருந்து விலகியவரின் அறிவு விலகிப் போவதில்லை என்பதையும் எவரும் எண்ணவில்லை.

இரண்டாவது நிகழ்வு 2016ஆம் ஆண்டில் வெளிப்பட்ட மிராய் என்னும் தீநிரல். அது இணையத்தில் வெளிப்பட்டு நின்ற படக்கருவிகளையும் திசைவிகளையும் தேடிச் சென்றது. அதன் கையில் இருந்தது ஏறத்தாழ 60 பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் கொண்ட சிறு பட்டியல் மட்டுமே. அவை தொழிற்சாலையிலேயே கருவிகளில் பதித்து அனுப்பப்பட்டவை. உரிமையாளர்கள் மாற்றாமல் விட்டவை. அப்பட்டியலைக் கொண்டே அது உச்சநிலையில் ஏறத்தாழ 6 இலட்சம் கருவிகளைத் தன்வயப்படுத்தியது. 2016 அக்டோபர் 21 அன்று அவ்வகைக் கருவிகளின் படை டைன் என்னும் நிறுவனத்தின் கணினிகளைத் தாக்க, பெரிய இணையதளங்கள் பல அமெரிக்காவில் செயலிழந்தன. தம் வீட்டுப் படக்கருவி அத்தாக்குதலில் பங்கேற்றதை அதன் உரிமையாளர் அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை. நம் வீட்டைக் காப்பது நமக்காக மட்டுமன்று என்பதே இந்நிகழ்வு தரும் பாடம்.

முன்னது, உரிமை நீங்கியவரின் வழியை அடைக்காததால் விளைந்தது. பின்னது, பூட்டு இருந்தும் திறவுகோலை மாற்றாததால் விளைந்தது.

சுரங்க வழி

திறந்த வாயிலுக்கு மாற்றாக அமைவது மெய்நிகர் தனியார் வலையமைப்பு. பொது இணையத்தின் ஊடாகவே இரு கருவிகளுக்கு இடையே மறைகுறியாக்கம் செய்த ஒரு சுரங்க வழியை இது அமைக்கிறது. சுரங்கத்தின் ஒருமுனை வீட்டு வழங்கி. மறுமுனை மகளின் கைப்பேசி. இடையில் உள்ளவர் செய்தியைப் பார்த்தாலும் பொருளற்ற குறிகளாகவே அது தெரியும்.

இச்சுரங்கத்தின் உறுதி திறவுகோல் இணையில் உள்ளது. ஒவ்வொரு கருவியும் தனக்கென இரண்டு திறவுகோல்களை உருவாக்குகிறது. ஒன்று பொதுத் திறவுகோல். அதனை மற்றவருக்குக் கொடுக்கலாம். மற்றொன்று தனித் திறவுகோல். அது கருவியை விட்டு வெளியே செல்லக் கூடாது. பொதுத் திறவுகோலைக் கொண்டு தனித் திறவுகோலைக் கணித்தறிவது நடைமுறையில் இயலாத வகையில் அவை கணிதத்தால் பிணைக்கப்பட்டுள்ளன. நேரில் சந்திக்காத இருவர் பொதுவெளியில் பேசியே ஒரு மறைபொருளைப் பகிர முடியும் என்பதை 1976ஆம் ஆண்டு விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் வெளிப்படுத்தினர். இன்றைய சுரங்க வழிகள் அக்கருத்தின் வழிவந்தவை.

வயர்கார்டு என்னும் நெறிமுறை இவ்வகையில் எளிமைக்குப் பெயர் பெற்றது. ஜேசன் டோனென்ஃபெல்ட் உருவாக்கிய இது, 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த லினக்ஸ் கருநிரலின் 5.6ஆம் பதிப்பில் இடம்பெற்றது. வீட்டு வழங்கியிடம் நுழைய உரிமையுடைய கருவிகளின் பொதுத் திறவுகோல் பட்டியல் ஒன்று இருக்கும். பட்டியலில் உள்ளவரின் செய்திக்கு மட்டுமே அது மறுமொழி தரும். மற்றவர் தட்டினால், “அனுமதி இல்லை” என்றுகூடச் சொல்லாது, மௌனமாக இருந்துவிடும். தட்டியவருக்கு அங்கு ஒரு வாயில் இருப்பதே தெரியாது. மூடிய கதவு, பூட்டு இருப்பதையாவது காட்டும். இங்கோ வெறும் சுவர் மட்டுமே தெரிகிறது.

நடைமுறையில் ஒரு தடையும் உண்டு. நம் நாட்டில் பல இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. அவ்வாறான வீட்டை வெளியிலிருந்து நேராக அழைக்க இயலாது. இதற்கும் தீர்வு உண்டு. வீட்டு வழங்கியே உள்ளிருந்து வெளியே, நம்பகமான ஓர் இடைவழங்கியுடன் தொடர்பை ஏற்படுத்தித் திறந்து வைத்திருக்கும். மகளின் கைப்பேசியும் அவ்விடத்தை அடையும். இரு முனைகளுக்கும் இடையே முழுமையான மறைகுறியாக்கம் இருப்பின், செய்தியைக் கடத்திவிடும் இடைவழங்கியால் அதனைப் படிக்க இயலாது. தபால்காரர் மடலைச் சுமக்கிறார், பிரித்துப் படிப்பதில்லை.

சிம் அட்டை கொண்டு இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் இதே நெறி பொருந்தும். எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் ஓடும் கருவி திறந்த மடை. பதிவு செய்த எண்களுக்கு மட்டும் செவிசாய்க்கும் கருவி அதனினும் மேலானது. அழைப்பவர் எண்ணையும் போலியாகக் காட்ட இயலும் என்பதால், எண்ணுடன் கடவு எண்ணையும் கேட்கும் கருவி இன்னும் மேலானது.

தெரிந்து தெளிவோம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000: பிறருடைய கணினியிலோ வலையமைப்பிலோ உரிமையின்றி நுழைவது இச்சட்டத்தின் 43ஆம் பிரிவுக்கு மாறானது. அதனை வஞ்சக நோக்குடன் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ, 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். இணையவழி நிதி மோசடி நேர்ந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கையாளும் தேசிய அமைப்பான செர்ட்-இன் 2004ஆம் ஆண்டு முதல் செயல்படுகிறது.

முறைநீர் கற்பிக்கும் நெறி

நுழைந்தவர் அனைவருக்கும் எல்லா உரிமையும் வேண்டுமா என்பது அடுத்த வினா. இதற்கான விடையை ஈரோட்டு மாவட்டத்தின் பாசன முறையிலேயே காணலாம். பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானிப் பாசனத்தில் எல்லா மதகுகளும் எப்போதும் திறந்திருப்பதில்லை. ஒரு பருவத்தில் ஒற்றைப்படை மதகுகளுக்கும், மற்றொரு பருவத்தில் இரட்டைப்படை மதகுகளுக்கும் என முறைவைத்து நீர் விடப்படுகிறது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பதால்தான் கடைமடைக்கும் நீர் சேர்கிறது.

வீட்டு வழங்கியிலும் உரிமைகளை இவ்வாறே பகுக்க வேண்டும். மகளுக்கு நிருவாக உரிமை இருக்கலாம். பெற்றோருக்கு அன்றாடக் கருவிகளை இயக்கும் உரிமை போதும். தோட்டத்தில் வேலை செய்பவருக்கு மோட்டாரை இயக்கும் உரிமை மட்டும் போதும்; வீட்டுப் படக்கருவியைக் காணும் உரிமை அவருக்குத் தேவையில்லை. கருவியைப் பொருத்திய மின்பணியாளருக்குத் தந்த தற்காலிகக் கடவுச்சொல்லை அவர் வேலை முடித்துச் சென்ற அன்றே நீக்க வேண்டும். இதில் ஐயப்படுதலோ அவமதிப்போ இல்லை. மரூச்சி நிகழ்வு கற்பித்த பாடம் இதுவே. ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு இருந்தால், யார் எப்போது எதனை இயக்கினார் என்பதும் பதிவாகும், வீண்பழியும் நேராது.

படக்கருவியைக் குறித்துத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. அவ்வுரிமையின் உட்பொருள் இல்லத்திற்கும் உரியது. பெற்றோரின் நலனைக் காணப் பிள்ளைகள் படக்கருவி வைப்பதில் அன்பு இருக்கலாம். ஆயினும் எங்கு வைப்பது, யார் பார்ப்பது என்பதைப் பெற்றோரே முடிவு செய்ய வேண்டும். வெளியாரைத் தடுக்கும் பாதுகாப்பு, வீட்டாரின் மதிப்பையும் காக்க வேண்டும்.

உயிர் காக்கும் விசை

தொலைவிலிருந்து இயக்குவதில் ஊடுருவலைவிடக் கொடிய இடர் ஒன்றும் உண்டு. கிணற்றடியில் ஒருவர் மின்கம்பியைத் தொட்டுப் பழுதுபார்க்கும் வேளையில், அதனை அறியாத மற்றொருவர் தொலைவிலிருந்து மோட்டாரை இயக்கினால் என்னவாகும்? திறவுகோல் உரியவரிடமே இருக்கிறது, கட்டளையும் முறையானதே, ஆயினும் ஓர் உயிர் போய்விடும். எனவே பழுதுபார்க்கும் முன் முதன்மை விசையை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றித் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கைப்பேசிக் கட்டளையாலும் மீற முடியாத விசை ஒன்று கருவியின் அருகே இருந்தே ஆக வேண்டும்.

இதுபோலவே, கிணற்றில் நீர் வற்றிய பின்னும் மோட்டார் ஓடினால் அது பழுதாகும். மும்முனைகளில் ஒன்று அறுந்த நிலையில் ஓடினால் அதன் கம்பிச்சுருள் கருகும். இவற்றைத் தடுக்கும் பாதுகாப்பு, இணையத்தை நம்பியிராமல் மோட்டார் அறையிலேயே அமைய வேண்டும். இணையம் அறுந்தாலும், வழங்கி செயலிழந்தாலும், மகளின் கைப்பேசி அணைந்திருந்தாலும் கருவி தானே நின்றுவிட வேண்டும். தொலைவிலிருந்து வரும் கட்டளை வேண்டுகோளாக இருக்கலாம். இறுதி முடிவு களத்திலுள்ள பாதுகாப்பிடமே இருக்க வேண்டும்.

உறங்காத காவல்

திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரண். உயரம், அகலம், உறுதி, பகைவரால் அழித்தற்கு அருமை ஆகியவற்றை அரணின் இயல்புகளாகக் கூறும் வள்ளுவர், அவ்வதிகாரத்தின் நிறைவில் ஓர் எச்சரிக்கையை வைக்கிறார். எத்தனைச் சிறப்புடையதாயினும், செயல்திறம் இல்லாதவரிடத்து அரண் இருந்தும் பயனில்லை என்பது அதன் கருத்து. கற்கோட்டைக்குச் சொன்ன அக்கருத்து, இன்றைய தீயரணுக்கும் பொருந்துகிறது.

சொந்த வழங்கியைக் காப்பதற்கான செயல்கள் கடினமானவையல்ல; தொடர்ந்து செய்ய வேண்டியவை. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றுதல், நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வைத்தல், அதனுடன் இருபடிச் சரிபார்ப்பைச் சேர்த்தல், திசைவி, வழங்கி, படக்கருவி ஆகியவற்றின் மென்பொருள்களை அவ்வப்போது புதுப்பித்தல், அமைப்புகளின் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல், படக்கருவி போன்றவற்றை வீட்டுக் கணினிகளிலிருந்து பிரித்துத் தனி வலையமைப்பில் இணைத்தல் ஆகியன அவற்றுள் இன்றியமையாதவை. கைப்பேசி தொலைந்தால் வழங்கியின் பட்டியலிலிருந்து அதன் பொதுத் திறவுகோலை உடனே நீக்க வேண்டும். அக்கணமே அக்கைப்பேசிக்கு வீட்டின் வழி அடைபட்டுவிடும். மற்றவர்களின் திறவுகோல்கள் மாறாமல் இயங்கும்.

இவற்றை யார் செய்வது என்பதையும் குடும்பம் முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் அறிந்த ஒருவர் கடல் கடந்து இருக்க, வீட்டிலிருப்பவர் ஒன்றும் அறியாதிருப்பது பாதுகாப்பாகாது. வழங்கியை நிறுத்துவது எப்படி, கையால் மோட்டாரை இயக்குவது எப்படி, யாரை அழைப்பது என்பவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி மோட்டார் அறையிலும் வீட்டிலும் ஒட்டி வைப்பது நன்று. கடவுச்சொற்களை மட்டும் அத்தாளில் எழுதாமல் மூடிய உறையில் இட்டுப் பெட்டியில் வைக்கலாம்.

கொங்கு உழவர் அணை கட்டினர், வாய்க்கால் வெட்டினர், கிணறு தோண்டினர். இவற்றுள் எதுவும் கட்டியதோடு முடியவில்லை. கரையைக் காக்க ஆளும், மடையைத் திறக்க முறையும், தூர்வார நாளும் குறித்ததால்தான் அவை நிலைத்தன. வீட்டுச் சுவருக்குள் இருக்கும் சிறு வழங்கியும் ஒரு நீர்நிலை போன்றதே. அதில் தேங்குவது குடும்பத்தின் வாழ்க்கைச் செய்தி. அதற்கு வழி அமைப்பது தொழில்நுட்பம். அவ்வழியில் யார் வரலாம் என்று தீர்மானிப்பதும், அத்தீர்மானத்தை நாள்தோறும் காப்பதும் மனிதர் கடமை. திறவுகோல் நம் கையில் இருக்கும் வரை தொலைவு ஒரு தடையன்று.

கலைச்சொல் அறிவோம்

வழங்கி – பிற கருவிகள் கேட்கும் செய்தியையும் சேவையையும் தரும் கணினி, சர்வர்.
திசைவி – வீட்டு வலையமைப்பை இணையத்துடன் இணைக்கும் கருவி, ரௌட்டர்.
உணரி – நீர்மட்டம், வெப்பம் முதலியவற்றை அறிந்து தெரிவிக்கும் கருவி, சென்சார்.
தீயரண் – உரிமையற்ற தொடர்புகளைத் தடுக்கும் அமைப்பு, ஃபயர்வால்.
மறைகுறியாக்கம் – உரியவர் அன்றிப் பிறர் படிக்க இயலாதவாறு செய்தியை மாற்றுதல்.
தீநிரல் – கேடு விளைவிக்கும் நோக்குடன் எழுதிய நிரல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ இணையத்துடன் இணைந்துள்ள கருவிகளைப் பட்டியலிடுக. அவற்றுள் எவற்றின் தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்பட்டுள்ளது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, கடவுச்சொற்களைக் குறிப்பிடாமல் அட்டவணை அமைக்க.
2. கவலை, எண்ணெய் எஞ்சின், மின்மோட்டார், கைப்பேசி ஸ்டார்ட்டர் ஆகியவற்றைப் பயன்படுத்திய உழவர் ஒருவரைச் சந்தித்து நேர்காணல் எழுதுக.
3. மோட்டார் அறையில் ஒட்டுவதற்குரிய பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றைப் பத்து வரிகளுக்கு மிகாமல் எழுதுக.
4. ‘முதியோர் வாழும் வீட்டில் படக்கருவி – பாதுகாப்பா? கண்காணிப்பா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

1. மிராய் தீநிரல் கருவிகளுக்குள் நுழையப் பயன்படுத்தியது
அ) வானொலி அலைகள் ஆ) மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் இ) தொலைந்த கைப்பேசிகள் ஈ) இடைவழங்கிகள்

2. கருவியை விட்டு வெளியே செல்லக் கூடாதது
அ) பொதுத் திறவுகோல் ஆ) இணைய முகவரி இ) தனித் திறவுகோல் ஈ) பயனர்பெயர்

3. தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டு
அ) 2000 ஆ) 2004 இ) 2013 ஈ) 2017

குறுவினா

1. சொந்த வழங்கியால் விளையும் நன்மைகள் இரண்டனைக் கூறுக.
2. உரிமையற்றவர் தட்டும்போது வயர்கார்டு எவ்வாறு நடந்துகொள்கிறது?
3. இலக்கணக் குறிப்புத் தருக: தாயும் தந்தையும், மூடிய கதவு, உறங்காத காவல்.

சிறுவினா

1. “தேடி வருபவர் நம் ஊரின் பெயரை அறிய வேண்டியதில்லை” – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. கீழ்பவானிப் பாசன முறை, உரிமைகளைப் பகுத்தளிக்கும் நெறிக்கு எவ்வாறு எடுத்துக்காட்டாகிறது?
3. மரூச்சி நிகழ்வு உணர்த்தும் பாடங்களைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா

1. வெளியூரிலிருந்து வீட்டு வழங்கியைப் பாதுகாப்பாக அணுகும் வழிமுறைகளைக் கட்டுரைவழி விவரிக்க.
2. ‘அரணின் வலிமை அதனைக் காப்பவரின் செயல்திறத்தில் உள்ளது’ – இக்கூற்றை இன்றைய இணையப் பாதுகாப்புடன் ஒப்பிட்டு நிறுவுக.